ஒருமுறை அழுத்தினால் ஆமாம்

அவளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக்கடைக்காரர், பால் பாக்கெட் போடுகிறவர், லிஃப்ட் ரிப்பேருக்கு வருகிறவர் என்று ஒருவர் பாக்கியில்லை. சிஸ்டர் படிப்பு எதுவும் அவள் படித்ததில்லை. எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை சமயத்தில் அவளுடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட, பள்ளிக்கூடம் அவளை விட்டது, அவளும் பள்ளிக்கூடத்தை விட்டாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கை பழகி, பிறகு பக்கத்து வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டு, அப்படியே எழுந்திருக்க முடியாதவர்களைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்க வைப்பதே பதினெட்டு வருஷப் பிழைப்பாகிவிட்டது. வேலைக்குப் போகும்போது சேலைமேல் வெள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொள்வாள். அதைப் பார்த்துத்தான் சிஸ்டர் என்கிறார்கள். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, திருத்திப் பார்த்தாள், யாரும் கேட்பதாக இல்லை, விட்டுவிட்டாள்.

இப்போது நாலு வருஷமாக டெலிபோன் அம்மா வீட்டில். அந்த அம்மா முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர். "அந்தக் காலத்துல இந்த ஊர்ல யாரு யாரோட பேசினாலும் எங்கம்மாவைத் தாண்டித்தான் பேசணும்" என்று மகன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். முதல் பக்கவாதம் அம்மாவின் வலது பக்கத்தையும் வாயையும் கொண்டுபோயிற்று. இரண்டாவது வந்து இடது கையின் பலத்தில் முக்கால்வாசியை வாரிக்கொண்டு போயிற்று. காது நன்றாகக் கேட்கும், புத்தி அதைவிட நன்றாக வேலை செய்யும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிச்சமிருந்தது இடது கட்டைவிரல். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால், ஒருமுறை அழுத்தினால் ஆமாம், இரண்டுமுறை அழுத்தினால் இல்லை.

அந்த அழுத்தமும் ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரிதான் இருக்கும். சிஸ்டரின் உள்ளங்கைக்கு மட்டும் அது பிடிபட்டது. மகனும் எத்தனையோ தடவை பிடித்துப் பார்த்தார். அம்மா என்ன சொல்லப் போகிறாரோ என்ற பதற்றத்தில் அவரே அழுத்திவிட்டு, "ஆமாங்கறாங்க, ஆமாங்கறாங்க" என்பார். ஒருநாள் இப்படி அம்மாவுக்குப் பிடிக்காத பாகற்காய் சூப்பை முழுக் கிண்ணமும் குடிக்க வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மகன் கை கொடுக்க வந்தாலே அம்மா கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த வாரம் மழை விடவேயில்லை. படுக்கை விரிப்பு காயாமல் இருப்பதைப் போல இந்த வேலையில் எரிச்சல் வேறில்லை. லேசாக ஈரம் இருந்தாலும் முதுகு வெந்துபோகும். சிஸ்டர் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாற்காலி போட்டு விரிப்பை உலர்த்தி, இஸ்திரி போட்டு, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சில்லென்று இல்லை என்று நிச்சயமான பிறகுதான் கட்டிலுக்குக் கொண்டுபோவாள். திங்கட்கிழமை காலை அப்படி ஒரு விரிப்பை மாற்றிவிட்டு, அம்மாவின் தலையணையை உயர்த்தி, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மகன் கட்டட வரைபடம் போடுகிறவர். ஹாலில்தான் அவருடைய கம்ப்யூட்டர். அங்கிருந்து போனைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"சிஸ்டர், உங்க வேலைக்கு ஒரு சட்டம் வரப்போகுது, தெரியுமா?"

"என் வேலைக்கா? எனக்கெல்லாம் யாரு சார் சட்டம் போடறது?"

"நெஜமாத்தான். பார்லிமென்ட் வெப்சைட்ல மசோதாவை அப்படியே போட்டிருக்காங்க. ஒவ்வொரு பிரிவுக்குக் கீழயும் ஒரு பெட்டி இருக்கு. நாட்டுல யார் வேணாலும் கருத்து எழுதலாம். முப்பது நாள் டைம் கொடுத்திருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட முடியுது. நமக்குத்தான் இப்பத் தெரியுது."

"நல்லதுதானே சார். ரெண்டு வேளை டீ கட்டாயம் கொடுக்கணும்னு போட்டிருக்காங்களா?"

மகன் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "பிரிவு ஒன்பது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சியும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிச் சான்றிதழும் இல்லாத எவரும் இல்லப் பராமரிப்புப் பணியில் அமர்த்தப்படக் கூடாது."

"புதுசா வர்றவங்களுக்குத்தானே?"

"இப்ப இருக்கறவங்களுக்கும். சட்டம் வந்து ஆறு மாசத்துக்குள்ள."

சிஸ்டர் கையிலிருந்த ஸ்பூனை நிறுத்தவில்லை. வாய் திறந்திருக்கும்போது ஸ்பூனைப் பாதியில் நிறுத்தக் கூடாது. இடது கடைவாய்ப் பக்கமாக ஊட்டி, விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்து, வலது கன்னத்தில் தங்கியதை விரலால் வழித்து எடுத்தாள். பிறகு மகனைப் பார்த்து, வெளியே போங்கள் என்று கண்ணைக் காட்டினாள். காது கேட்கிற ஆளின் தலைமாட்டில் நின்று பேசுகிற பேச்சா இது? ஆனால் அம்மா கேட்டாயிற்று. அவருடைய கண் ஸ்பூனை விட்டுவிட்டு சிஸ்டரின் முகத்துக்கு வந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவள் கணவர் பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிறவர். எதையும் நேராகப் பேசிப் பழக்கமில்லாத வாய்.

"எட்டாவது படிச்சவ தொடைச்சா அழுக்கு போகாதாமா?"

"வெளையாடாதீங்க. ஆறு மாசத்துல வேலை போயிடும்."

"பின்ன என்ன? அந்தப் பெட்டில எழுதிப் போடு. பார்லிமென்ட்டே உன்னைக் கேக்குது. என்னை ஒருத்தன் இதுவரைக்கும், டயர் எப்படியிருக்குன்னு கேட்டதில்ல. நேரா பஸ்ஸை எடுத்துட்டுப் போயிடறான்."

"என்னன்னு எழுதறது?"

"நீ பண்ற வேலையை எழுது. படிச்சுப் பாக்கட்டும்."

அதுவே அவளுக்கும் சரியென்று பட்டது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போனுக்கு ஒரு எண் வந்தது, அதைப் போட்டாள்; அடையாள அட்டை எண் கேட்டது, போட்டாள். ஒன்பதாம் பிரிவின் கீழ் 'ஆதரவு', 'எதிர்ப்பு' என்று இரண்டு வட்டங்கள். அதற்குக் கீழே பெரிய வெள்ளைப் பெட்டி. வட்டங்களை அவள் தொடவேயில்லை. இந்த வேலைக்கு வந்த முதல் நாள், ஆள் அனுப்புகிற அலுவலகத்தில் இருந்த பெண்மணி டியூட்டி நோட்டைக் கையில் கொடுத்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நீ என்ன நெனைக்கறேன்னு இதுல எழுதாதே. என்ன நடந்துச்சுன்னு மட்டும் எழுது. முடிவெடுக்கறது டாக்டர் வேலை." பதினெட்டு வருஷமாக அதை மீறியதில்லை. ஆகவே பெட்டியில் இப்படி எழுதினாள்:

"காலை 7.10. வந்தேன். அம்மா விழித்திருந்தார். 7.20. இடது பக்கம் திருப்பினேன். குதிகாலில் சிவப்பு இல்லை. 7.45. வாய் துடைத்தேன். கஞ்சி பன்னிரண்டு ஸ்பூன். இருமல் இல்லை. 9.20. வலது பக்கம் திருப்பினேன். முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்தேன். 10.00. முதுகு துடைத்தேன். விரிப்பில் சுருக்கம் இல்லை..."

இப்படியே நாள் முழுவதும். கடைசி வரி: "மாலை 6.30. கிளம்பினேன். அம்மா தூங்கவில்லை."

எழுதி அனுப்பியதும் மனசு லேசாயிற்று. கணவர் வாங்கிப் படித்துவிட்டு, "இதைப் படிச்சா எனக்கே படுத்துக்கலாம்னு இருக்கு" என்றார். அவர் பாராட்டினால் அப்படித்தான் இருக்கும்.

வியாழக்கிழமை பதில் வந்துவிட்டது. பஸ்ஸில் நின்றபடி படித்தாள், புரியவில்லை, மறுநாள் மத்தியானம் அம்மா தூங்கிய பிறகு மகனிடம் போனை நீட்டினாள். 'தங்கள் பதிவில் பிரிவு ஒன்பது குறித்த நிலைப்பாடு காணப்படவில்லை. எனவே பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள இயலவில்லை. கடைசி நாளுக்குள் மீண்டும் பதியலாம்.' மகன் அவள் எழுதியதைத் திறந்து படித்தார். முதலில் சிரிப்பு வந்தது. நாலாவது வரியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. கடைசிவரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிஸ்டர், இது டியூட்டி நோட்டு."

"பின்ன? என் வேலையைப் பத்தித்தானே சார் கேட்டாங்க?"

"இந்தச் சட்டம் வேணுமா, வேணாமான்னு கேட்டாங்க."

"அதை நான் எப்படி சார் சொல்றது? பெரியவங்க முடிவு பண்றது."

"இந்தத் தடவை நீங்களும் பெரியவங்கதான். வாங்க, உக்காருங்க. மணி மூணரை ஆச்சு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, 'எதிர்ப்பு' என்ற வட்டத்தைத் தொட்டாள். யாரையோ எதிர்த்துப் பேசிவிட்ட மாதிரி இருந்தது. காரணம் என்ற இடத்தில், "பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். என் கையில் ஒருவருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. இனிமேல் பத்தாம் வகுப்பு படிக்க எனக்கு நேரமில்லை" என்று எழுதினாள். பொய்யில்லாத மூன்று வாக்கியங்கள். போயிற்று.

மகனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஒரு வீட்டுலேர்ந்து ஒண்ணுதான் அனுப்பணும்னு இல்லை. ஆளுக்கு ஒண்ணு. நானும் என் வீட்டுக்காரியும் நேத்தே போட்டுட்டோம். அம்மாவும் ஓட்டு இருக்கறவங்கதானே? அவங்க போன் எங்கிட்டத்தான் இருக்கு, அட்டையும் இருக்கு. அவங்க பேர்லயும் ஒரு எதிர்ப்பு போட்டுடலாம்."

"அம்மாவைக் கேக்காமலா?"

"இதுல கேக்க என்ன இருக்கு சிஸ்டர்? நீங்க போயிட்டா அவங்களுக்கு யாரு?"

"இருந்தாலும் கேட்டுடலாம் சார். எந்தச் சட்டை போடணும்னே கேட்டுத்தான் போடறோம்."

நாலு மணிக்கு அம்மா கண் விழித்தார். சிஸ்டர் கட்டிலோரம் உட்கார்ந்து இடது கையை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். சட்டத்தைப் பற்றி மகன் மறுபடி சொல்ல, அம்மா கண்ணைச் சிமிட்டாமல் கேட்டார்.

"அம்மா, இந்தச் சட்டத்துக்கு உங்க பேர்ல எதிர்ப்புன்னு போட்டுடலாமா?" என்று சிஸ்டர் கேட்டாள்.

இரண்டு அழுத்து.

"என்ன சொல்றாங்க?" என்றார் மகன்.

"வேணாங்கறாங்க." அவளுக்கே நம்பிக்கையில்லை. "அம்மா, நான் சொன்னது புரிஞ்சுதாம்மா?" ஒரு அழுத்து. "அப்ப ஆதரவுன்னு போடணுமா?" ஒரு அழுத்து. கொஞ்சம் பலமாகவே.

அவள் அதையும் சொன்னாள். மகன் எழுந்து நின்றுவிட்டார். "அம்மாவுக்குக் குழப்பமா இருக்கு. இப்பத்தானே எழுந்தாங்க. நான் எதிர்ப்புன்னே போட்டுடறேன் சிஸ்டர், நீங்க கவலைப்படாதீங்க."

"கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குப் போனாள்.

வாளியில் ஊறிய துணி இருந்தது. அதை எடுத்துப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி நனைத்துப் பிழிந்தாள். நாலு வருஷம். தன் வீட்டில் காய்ச்சலோடு கணவரைப் படுக்கப் போட்டுவிட்டு இங்கே வந்து நின்ற நாட்கள் உண்டு. அம்மாவின் மலம் எந்த நிறத்தில் இருந்தால் என்ன அர்த்தம் என்று தன் உடம்பைவிட நன்றாகத் தெரியும். அந்த அம்மா இப்படிச் சொல்வாரா? அழுகை வந்தது. அழுதாள். கோபமும் வந்தது, அதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் துணியை உதறிக் கொடியில் போட்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்தத் துணியும் காயப் போவதில்லை.

மகன் அவர்பாட்டுக்கு எதிர்ப்பு என்று போட்டுவிடட்டுமே. நான் ஒன்றும் போடச் சொல்லவில்லையே. இப்படி ஒரு நிமிஷம் நினைக்கத்தான் செய்தாள். ஆனால் உள்ளங்கையில் அந்த ஒரு அழுத்து போகமாட்டேன் என்று இருந்தது. ஏன் என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்றும் பட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு அறைக்குத் திரும்பினாள்.

அம்மாவின் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குக் கோவம்தாம்மா. இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்தாள். "நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. பத்தாவது படிச்சிருக்கணும்கறீங்களா?"

இரண்டு அழுத்து.

"படிப்பு வேணாம். அப்புறம்? பயிற்சியா? கத்துக்கிட்டு வரணும்கறீங்களா?"

ஒரு அழுத்து.

"ஏம்மா?" என்று கேட்டுவிட்டு, அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது என்பது உறைத்து, யோசித்தாள். அவள் கண் அம்மாவின் வலது தோள்பட்டைக்குப் போயிற்று. அவளுக்கு முன்னால் இருந்த பெண், தெரியாத்தனமாகக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கியதில் அந்தத் தோள் இறங்கிப்போய், மூன்று வாரம் யாருக்கும் தெரியாமலே இருந்தது. வலிக்கிறது என்று சொல்ல வாய் இல்லை. சிஸ்டர் வந்த முதல் நாள் முதுகு துடைக்கும்போதுதான் எலும்பு இடம் மாறியிருப்பது கைக்குத் தட்டுப்பட்டது.

"அந்தத் தோள்பட்டையை நெனைச்சுச் சொல்றீங்களா?"

ஒரு அழுத்து. அதற்குப் பிறகும் அம்மாவின் கண் அவளை விடவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருந்தது. சிஸ்டருக்கு அது என்ன என்று தெரிந்துவிட்டது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

"நான் தெரியாம செஞ்சதும் இருக்காம்மா?"

ஒரு அழுத்து.

"தண்ணி புரையேறினதே, அதுவா? வந்த புதுசுல?"

ஒரு அழுத்து.

மகனுக்கு அது தெரியாது. நோட்டில் அவள் எழுதியிருந்தாள், யார் படிக்கிறார்கள்? அம்மாவைச் சாய்ந்தவாக்கில் வைத்துக்கொண்டு டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டாள். பக்கவாதத்தில் தொண்டை பலமிழந்த ஒருவரை அதுவரை அவள் பார்த்துக்கொண்டதில்லை. முகம் நீலம் பாரித்து, மூச்சு திரும்ப இரண்டு நிமிஷம் ஆயிற்று. தலையை எவ்வளவு உயர்த்த வேண்டும், ஸ்பூனில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அதற்கப்புறம் ஒரு நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதாவது, இந்த அம்மாவை வைத்துத்தான் கற்றுக்கொண்டாள். பதினெட்டு வருஷம் என்று பெட்டியில் எழுதினோமே, ஒவ்வொரு வருஷத்துப் பாடத்தையும் யாரோ ஒருவருடைய உடம்பில்தானே படித்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"சார், எழுதுங்க. ஆதரவு."

"சிஸ்டர், உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க."

"நான் போடலை சார். அவங்க சொல்றாங்க. எழுதுங்க. படிப்பு வேணாம், பயிற்சி வேணும். கட்டில்ல இருக்கறவங்க உடம்புல யாரும் பழகக் கூடாது. காரணம், தோள்பட்டை. ரெண்டாவது காரணம், தண்ணி புரையேறினது. ரெண்டாவது பண்ணினது யாருன்னும் எழுதுங்க."

மகன் எழுதினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, சிஸ்டர் கையைப் பிடித்துக் கேட்டு, சரி என்ற பிறகு அடுத்த வாக்கியம். மூன்று இடத்தில் அம்மா வேண்டாம் என்று சொல்லி மாற்றினார். 'அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று மகன் சேர்த்ததையும் எடுக்கச் சொல்லிவிட்டார். நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டிலிருந்து மூன்று எதிர்ப்பும் ஒரு ஆதரவும் போயின. பிறகு அவள் அம்மாவை வலது பக்கம் திருப்பி, தலையணை வைத்தாள்.

வீட்டில் கணவர் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, முதல்தடவையாகக் கேலி எதுவும் செய்யாமல் டீ போட்டுக் கொடுத்தார். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தார். அவளும் கேட்காமல் குடித்துவிட்டாள்.

பதினைந்து நாள் கழித்து அம்மாவின் போனுக்கு அழைப்பு வந்தது. மகன் எடுத்தார். நாடாளுமன்றத்தில் இந்த மசோதாவைப் பார்க்கிற குழுவின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினார். ஒன்பதாம் பிரிவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் கருத்து வந்திருக்கிறது. வேலை செய்கிறவர்கள் எழுதியிருக்கிறார்கள், குடும்பத்தார் எழுதியிருக்கிறார்கள், சங்கங்கள் எழுதியிருக்கின்றன. கட்டிலில் இருக்கிறவரே எழுதியது இது ஒன்றுதான். வருகிற புதன்கிழமை பதினொரு மணிக்குக் காணொளியில் குழுவிடம் பேச முடியுமா என்று கேட்டார்.

"அவங்க பேச மாட்டாங்களே" என்றார் மகன்.

"அப்ப எப்படி எழுதினாங்க?"

மகன் விளக்கினார். "தலைவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்தவர், அரை மணியில் திரும்பக் கூப்பிட்டு, அதே மாதிரி செய்யலாம் என்றார்.

புதன்கிழமை மழை ஓய்ந்து லேசாக வெயில் வந்தது. சிஸ்டர் காலையிலேயே விரிப்பு மாற்றி, அம்மாவின் தலையை வாரிவிட்டு, பழுப்புச் சால்வையைக் காட்டினாள், இரண்டு அழுத்து. நீலத்தைக் காட்டினாள், ஒரு அழுத்து. "பார்லிமென்ட்காரங்க பாக்கப் போறாங்கன்னதும் மிடுக்கு வந்துடுச்சு" என்று சிரித்தாள். மகன் லேப்டாப்பைக் கட்டில் பக்கத்தில் ஸ்டூல்மேல் வைத்தார். திரையில் ஐந்து சதுரம், ஐந்து முகம். நடுவில் தலைவர், நரைத்த தலை அம்மாள். ஓரத்தில் ஒரு உறுப்பினர், முன்னால் ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம்மா. நாங்க பேசறது உங்களுக்குக் கேக்குதா?" என்றார் தலைவர்.

ஒரு அழுத்து. "கேக்குதாம்" என்றாள் சிஸ்டர்.

ஃபைல்காரர் கையைத் தூக்கினார். "தலைவர் அவர்களே, ஒரு சந்தேகம். சாட்சி சொல்றதை எடுத்துச் சொல்றவங்க, இந்தப் பிரிவால நேரடியா பாதிக்கப்படறவங்க. அவங்க பேர்லயே எதிர்ப்புப் பதிவாகியிருக்கு. அவங்க சொல்றதை நாம எப்படி நம்பறது? மகன் கையைப் பிடிச்சுக் கேட்டுச் சொல்லலாமே?"

நியாயமான கேள்விதான். மகன் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்தார். தலைவர், "இன்னிக்கு வெயில் அடிக்குதாம்மா?" என்று கேட்டார். மகன் நெற்றி வியர்க்க, ஜன்னலைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, "ஆமாங்கறாங்க... இல்லை, ரெண்டுன்னு நெனைக்கறேன்... தெரியலைங்க" என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். திரையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

"அந்தம்மா எழுதினதை நான் படிச்சேன்" என்றார் தலைவர். "இந்தப் பொண்ணு எடுத்துச் சொன்னதெல்லாம் தனக்கு எதிராத்தான் இருக்கு. தன் தப்பையே சொல்லியிருக்காங்க. இவங்களை நம்பாட்டி யாரை நம்பறது? கேளுங்க."

சிஸ்டர் மறுபடி உட்கார்ந்தாள். ஃபைல்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டார். படிப்பு வேண்டுமா? இரண்டு அழுத்து. பயிற்சி வேண்டுமா? ஒன்று. பயிற்சியை முடித்தவர்களுக்குச் செய்முறைச் சோதனை வேண்டுமா? ஒன்று. ஏற்கனவே வேலையில் இருக்கிறவர்களுக்குமா? ஒன்று. ஒவ்வொரு பதிலையும் அவள் உரக்கச் சொன்னாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. சோதனைதானே, செய்து காட்டிவிட்டுப் போகிறேன் என்று மனசு தைரியம்கூடச் சொல்லிக்கொண்டது.

பிறகு அவர் ஃபைலை மூடினார். "கடைசியா ஒண்ணு அம்மா. நீங்க சொல்ற திருத்தத்தை நாங்க சிபாரிசு பண்ணலாம். ஆனா அது நிறைவேறுமான்னு சொல்ல முடியாது. சபையில வாக்கெடுப்புன்னு வந்தா, பிரிவு ஒன்பது இப்ப இருக்கற மாதிரியே, படிப்போட சேர்த்து வரலாம். வந்தா, உங்க கையைப் பிடிச்சிட்டிருக்கறவங்க ஆறு மாசத்துல போயாகணும். அப்படியிருந்தாலும் இந்தச் சட்டம் வேணுமா?"

மகன், "இதென்னங்க கேள்வி" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஹாலில் குளிர்சாதனப் பெட்டி உறுமுவது கேட்டது. சிஸ்டர் அம்மாவின் கையை இன்னும் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொண்டு காத்திருந்தாள். பதில் வரவில்லை. கால் நிமிஷம் போயிற்று. அம்மாவின் கண்ணோரத்தில் நீர் சேர்ந்து காதுப் பக்கம் இறங்கியது. அவள் மற்ற கையால் சால்வை நுனியை எடுத்துத் துடைத்தாள்.

அப்போது ஒரு அழுத்து வந்தது.

இரண்டாவதுக்குக் காத்திருந்தாள். வரும், வராமல் இருக்காது என்று காத்திருந்தாள். அம்மாவுக்கு இரண்டு அழுத்துக்கும் நடுவில் சில சமயம் நேரமாகும், பலமில்லாத விரல். இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். தான் இப்போது என்ன சொன்னாலும் அதுதான் பதில், இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, அவர் கண்ணை மூடாமல் அவளையே பார்த்தார். இரண்டாவது வரவில்லை.

"ஆமாங்கறாங்க" என்றாள் சிஸ்டர். "அப்படியிருந்தாலும் வேணுமாம்."

மகன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஃபைல்காரர் குனிந்து எதையோ எழுதுவதுபோல இருந்தார். தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "நன்றிம்மா. நீங்க சொன்னது பதிவாயிடுச்சு" என்றார். பிறகு சிஸ்டரைப் பார்த்து, "உங்களுக்கும் நன்றி. போதும், கையை எடுத்துக்கோங்கம்மா" என்றார்.

"எடுக்க முடியலைங்க."

"ஏன்? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க. விடமாட்டேங்கறாங்க." அவள் குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் மட்டுமல்ல, செத்துக் கிடந்த மற்ற விரல்களும் எப்படியோ மடங்கி அவள் விரல்களைச் சுற்றியிருந்தன. நாலு வருஷத்தில் அந்தக் கையில் இவ்வளவு பலத்தை அவள் பார்த்ததில்லை.

"அது ஆமாவா, இல்லையா?" என்று ஃபைல்காரர் மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டும் இல்லைங்க. பிடிச்சுக்கிட்டிருக்காங்க."

தலைவர் தன் பக்கத்தில் குறிப்பெடுக்கிறவரைத் திரும்பிப் பார்த்தார். "அதையும் எழுதிக்கோங்க" என்றார்.